காத்தானுக்கு நான் கொடுத்த மருந்து

கோப்பைக்கு வெளியே வியர்வை பூத்திருந்தது. உள்ளே ஐஸ் கட்டி ஒன்று புரண்டு படுத்து, கிணிங் என்றது. பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். ஜலசந்திப் பக்கத்திலிருந்து மழை வந்துகொண்டிருந்தது. துளி இன்னும் விழவில்லை, வாசனை மட்டும் முன்னால் வந்துவிட்டது. நான் கோப்பையை உதட்டருகே கொண்டு போனேன்.

"ஐயா."

அந்தக் கடையில் என்னை யாரும் ஐயா என்று கூப்பிடுவதில்லை. அங்கே நான் 'மிஸ்டர்'. கோட்டும் டையும் போட்ட மிஸ்டர். ஐயா என்ற சொல்லுக்கு ஜொகூர் பாரு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த மதுக்கடையில் வேலையே இல்லை.

திரும்பினேன். வாசலின் அரைக் கதவுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன் காத்தான்.

இழுப்பறையில் ஒரு கடிதம்

இதை எழுதாமலே இந்தத் தொடரை முடித்துவிடலாம் என்றிருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கு எதிராக நான் பேசித் திரிந்த நாட்களைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு மாசாய்ப் பக்கத்திலிருந்து ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். 'தங்கள் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர்களில் என் தகப்பனாரும் ஒருவர். தங்கள் படம் எங்களிடம் இல்லை. இருந்தால் சாமி படங்களோடு மாட்டியிருப்போம்.'

கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தேன். மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். இழுப்பறைக்கு எத்தனை தடவை வாய் திறந்து மூடினாலும் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறது.

புகையின் ருசி

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விஸ்கி எனக்குப் பிடிக்கும். கெட்ட சகவாசத்தால் வந்த பழக்கம், மனக்கவலையால் வந்த பழக்கம் என்றெல்லாம் எழுதி உங்களிடம் இரக்கம் வாங்கப் பார்க்கமாட்டேன். பிடிக்கும், அவ்வளவுதான்.

அதை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு கிறிஸ்துமஸ் காலை. தோட்டத்துப் பெரிய துரை, கால் பாகம் மீதமிருந்த ஒரு போத்தலை ஆபீஸ் மேசைமேல் வைத்து, "உனக்கு, கிராணி," என்றார். கிராணி என்றால் ஆபீஸ் கணக்குப்பிள்ளை; அதுதான் என் வேலை. துரை மிச்சம் வைத்ததைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, கைக்குழந்தையைப் போல வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முதல் மடக்கு டிஞ்சர். இரண்டாவது நெருப்பு. மூன்றாவதில்தான் அது பேசியது.

ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் கொட்டகை எங்கள் ஆபீஸுக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தப் புகை சட்டையில், தலையணையில், சோற்றில்கூட ஏறியிருக்கும். பல வருஷமாக நான் வெறுத்த புகை அது. அதே புகை இந்தப் போத்தலுக்குள் எப்படியோ படித்துப் பட்டம் வாங்கி, நல்ல துணி உடுத்தி, என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. அசந்துபோனேன். என் வாழ்க்கையின் நாற்றத்தை யாரோ எடுத்து ராகம் ஆக்கிவிட்டார்கள் என்று தோன்றியது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

எங்கள் தோட்டம் தம்போயைத் தாண்டி, செனாய் போகும் வழியில். மோட்டார் பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுங்கினால் டவுன். துணைக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் செபஸ்தியான். நன்றாகப் படித்தவன், நன்றாகப் பாடுவான், எதையும் சிரிக்காமல் விடமாட்டான். என்னைப் 'புலவரே' என்பான். நான் அப்போதே பத்திரிகைகளுக்கு வசனகவிதை அனுப்பி, திரும்பி வந்ததை அவனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் ஹைனானியச் சீனர் ஆ ஹோவின் கடை. நான்கு பளிங்கு மேசை, ஒரு நீளப் பலகை, பலகைக்குப் பின்னால் கண்ணாடி. கண்ணாடியின் முன் போத்தல்கள் நிற்கும். கண்ணாடிக்குள் இன்னொரு வரிசை நிற்கும். ஆ ஹோ பேசவேமாட்டார். ஸ்டெங்கா என்று கேட்டால் பாதி விஸ்கி, பாதி சோடா. ஐஸ் கட்டிக்கு மலாயில் ஆயர் பத்து, கல்தண்ணீர். அந்தக் கல்தண்ணீரை மரத்தூளிலிருந்து எடுத்துக் கழுவி, குச்சியால் ஒரே தட்டு தட்டி உடைப்பார். கோப்பைக்குச் சரியான அளவுதான் உடையும், ஒரு துணுக்கு வீணாகாது.

ஜின் பாகித் என்று ஒன்று செய்வார். கசப்பு ஜின். சிவந்த கசப்பு மருந்தைச் சில சொட்டு விட்டு, கோப்பையைச் சாய்த்துச் சுழற்றுவார். கசப்பு உள்சுவரெல்லாம் ஒட்டும். மீதியைக் கொட்டிவிடுவார். அப்புறம்தான் ஜின். கொட்டியது போக நிற்கிற கசப்புதான் ருசி. ஒரு கவிதையில் எதை எழுதாமல் விடவேண்டும் என்பதை நான் எந்தப் பண்டிதரிடமும் கற்றதில்லை.

கையில் லீவு இருந்தால் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர். அப்போது பாலம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன; கடலின் நடுவே ரயில் போவதற்கு இன்னும் கைதட்டுகிறவர்கள் இருந்தார்கள். துறைமுகத்தருகே யுரேஷியச் சட்டைக்காரர் ஒருவரின் கடை, பழைய கப்பல் பலகையில் கட்டியது. அங்கே முட்டை வெள்ளையை அடித்து நுரை பூக்கவைத்து, அன்னாசிச்சாறும் ஜின்னும் கலந்து, மேலே ஜாதிக்காய் சுரண்டிப் போட்டுத் தருவார்கள். செபஸ்தியான் மீசையில் நுரையோடு, "புலவரே, இது பானமா, பலகாரமா?" என்பான். சுவர் முழுக்கக் கப்பல்களின் பெயர்ப்பலகை. ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு கப்பலில் ஏறி இறங்குவேன்.

பாருங்கள், வெட்கப்பட உட்கார்ந்தவன் ருசியில் இறங்கிவிட்டேன். இதுதான் என் வியாதி.

கற்பூரம்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம். கள்ளுக்கடைகளில் மட்டும் ஆள் குறையவில்லை. அதைக் கண்டு டவுனில் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள், ஒரு படிப்பகமும் திறந்தார்கள். பேச ஆள் தேடினார்கள். எனக்கு நாக்கு இருந்தது.

பேசினேன். நன்றாகவே பேசினேன். பெண்கள் அழுதார்கள். அது பொய் அழுகை இல்லை. நான் பேசியதும் பொய் இல்லை. கூலிகள் குடியிருந்த லயங்களில் கள் என்ன செய்தது என்று மாதா மாதம் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை? நீங்கள் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? தோட்டத்தில் ஆளின் தரம் அவன் கையிலிருந்த குவளையில் இருந்தது. தகரக் குவளையோடு வரிசையில் நின்றால் கூலி. கதவைச் சாத்திக்கொண்டு பிராந்தி குடித்தால் கங்காணி. நாற்காலியில் உட்கார்ந்து சோடாவோடு விஸ்கி குடித்தால் கிராணி. சோடா இல்லாமல் குடித்தால் துரை. இதில் 'குடிகாரன்' என்ற சொல் முதல் ஆளுக்கு மட்டும்தான். என்னைப்போல் எத்தனையோ கிராணிமார்கள் அதே நினைப்போடு அதே மேடையில் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு மாலை சத்தியக் கூட்டம். தாம்பாளத்தில் கற்பூரம் எரியும். அதை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் ஆத்தாள் முன்னால் கொடுத்த வாக்கு. மீறக்கூடாது. மீறினால் ஆத்தாளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

முதலில் யாரும் எழுந்து வரவில்லை. அப்போது ஒருத்தி முன்னால் வந்தாள். காத்தானின் மனைவி செங்கமலம். ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல்.

"ஐயா மொதல்ல அடிங்க. ஐயா அடிச்சா எங்க ஆளு அடிப்பாரு."

கூட்டம் சிரித்தது. நான் சந்தோஷமாகக் கையை நீட்டினேன். 'கள்ளைத் தொடமாட்டேன்' என்று தொடங்கினேன். வாழ்நாளில் நான் தொட்டிராத ஒன்றைத் தொடமாட்டேன் என்பதில் என்ன கஷ்டம்?

"அப்படி இல்லிங்கய்யா," என்றாள் செங்கமலம். "கள்ளுன்னு மட்டும் சொன்னா இந்த மனுஷன் சீனன் கடை சம்சு சாராயத்துக்குப் போயிருவாரு. குடின்னு சொல்லுங்க. எந்தக் குடியும்னு சொல்லுங்க."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நொடி. ஒரே ஒரு நொடி, கண்ணாடிக்கு முன்னால் அந்தப் போத்தல் வரிசை எனக்குத் தெரிந்தது.

"எந்தக் குடியையும் தொடமாட்டேன்," என்று சொல்லி அடித்தேன். உள்ளங்கை சுட்டது. என் பின்னால் காத்தான் அடித்தான். அவன் அடித்த வேகத்தில் தாம்பாளமே நசுங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் ஆ ஹோ கடையில் இருந்தேன்.

மருந்து

அப்படியாக நாற்பத்தோரு நாள் போனது; காத்தான் வாக்கு மீறவில்லை. மறுபடி அந்த அரைக் கதவுக்கு வருகிறேன்.

காத்தான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மதுக்கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒரே மனிதன் அவனாகத்தான் இருப்பான். என் ஆபீஸுக்கு அப்படித்தான் வருவான்.

"ஒங்க வீட்டு அம்மா, ஐயா சங்கத்து வேலையா டவுனுக்குப் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. படிப்பகத்துல தேடுனேன். அங்க காவக்காரர் இந்தப் பக்கமா தாடையக் காட்டுனாரு."

"என்ன விஷயம் காத்தான்?"

இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். விரல்கள் காற்றில் இலை மாதிரி ஆடின. "கை நிக்கலிங்கய்யா. நேத்துலேருந்து ஒடம்பெல்லாம் எறும்பு ஊறுது. மூணு மணிக்குக் கள்ளுக்கட தொறந்துருவாங்க. தோட்டத்துல இருந்தா நான் போயிருவேன். அதான் பஸ் ஏறி வந்துட்டேன். கட மூடுற வரைக்கும் ஐயா பக்கத்துல ஒரு ஓரமா குந்தியிருக்கேன். ஐயா ஒண்ணும் பேசவேணாம். இருந்தா போதும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார ஓர் இடம்.

அப்புறம் அவன் பார்வை கோப்பைக்குப் போனது.

"அது என்னங்கய்யா?"

"மருந்து," என்றேன். யோசிக்கவில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்தது.

செபஸ்தியான் சிரித்தான். "ஆமாப்பா, நான்தான் எழுதிக் குடுத்தேன். புலவருக்கு யோசன ஜாஸ்தி, நரம்பு தளந்துபோச்சு."

காத்தானின் முகத்தில் கவலை வந்தது. எனக்காக! "ஐயாவுக்கும் நரம்புங்களா..." என்றான். அப்புறம் கொஞ்சம் கூச்சத்தோடு, "டிரசரய்யா, எனக்கும் அதே மாதிரிதாங்க இருக்குது. எனக்கும் அந்த மருந்துல கொஞ்சம் குடுங்களேன்."

ஆ ஹோ பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் கடையில் முப்பது வருஷமாக விரல்களைப் பார்க்கிறவர். "ஜாங்கான், மிஸ்டர்," என்றார். வேண்டாம். அவர் தானாக என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

காத்தான், இது விஸ்கி. நான் சத்தியத்தை மீறிவிட்டேன். நீ மீறாதே, வா, வெளியே போய் உட்காரலாம். இத்தனைதான் சொல்லவேண்டியிருந்தது. பத்தாயிரம் பேர் முன்னால் பேசச் சொன்னாலும் எழுந்து பேசியிருப்பேன். அந்த ஒருவன் முன்னால் எனக்கு நாக்கு இல்லை.

ஒரு காலிக் கோப்பையை இழுத்தேன். என் கோப்பையிலிருந்து பாதியை அதில் ஊற்றினேன். அவன் பக்கம் தள்ளினேன்.

இரண்டு கையாலும் வாங்கினான், தீர்த்தம் வாங்குகிற மாதிரி. ஒரு மடக்கு உள்ளே போனது.

இருபது வருஷமாகக் குடித்தவன். அவனை ஏமாற்ற முடியுமா? கண் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இன்று இதை எழுத எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. வழியில் யாரோ வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டால், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படி ஒரு பார்வை. திருப்பிக்கொண்டான். மீதியையும் குடித்தான். கோப்பையை வைத்து, மேசையில் படிந்த ஈர வளையத்தைத் துண்டால் துடைத்தான்.

"நல்ல மருந்துங்கய்யா," என்றான்.

செபஸ்தியானின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நான் கெளம்புறேங்க."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்னியே?"

"இருக்கட்டுங்க. இனி எங்க இருந்தா என்ன."

செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மழை அப்போதுதான் விழுந்தது. என் கோப்பையில் பாதி மிச்சம் இருந்தது. அதை நான் குடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் சொன்னது

மறுநாளே அவன் தகரக் குவளையோடு வரிசையில் நின்றான். முன்னைவிட அதிகமாகக் குடித்தான்.

ஒரு வாரம் கழித்துச் செங்கமலம் என் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். முந்தானையால் இடது கன்னத்தை மூடியிருந்தாள். மூடியும் வீக்கம் தெரிந்தது.

"ஐயா சொன்னாத்தான் கேப்பாரு. ஏன் மறுபடி ஆரம்பிச்சேன்னு கேட்டா, 'கற்பூரம் அடிச்சது நானு, மீறுனது நானு'ங்கறாரு. வேற ஒரு வார்த்த வரமாட்டேங்குது. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா, எந்திரிச்சுப் போயிர்றாரு."

"பேசுறேம்மா," என்றேன். பேசவில்லை.

இல்லை, பேசினேன். அடுத்த கூட்டத்தில் பேசினேன். "ஆத்தாள் முன்னால் சத்தியம் செய்துவிட்டு நாற்பது நாளில் சேற்றில் விழுந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்!" கை தட்டினார்கள். பெயர் சொல்லவில்லை, சொல்லவேண்டியதும் இல்லை. அத்தனை தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. காத்தான் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும் அவனுக்கு, என்னைக் கவிழ்க்க. தலையைக் குனிந்துகொண்டான்.

விஸ்கி குடித்ததற்கு நான் அவ்வளவு வெட்கப்படவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று அன்று மேடையிலிருந்து இறங்கும்போது மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததே, அதை நினைத்தால்தான் நடுமத்தியானத்திலும் உடம்பு கூசுகிறது.

இரண்டு முறை

இதுவரை அவன், அவன் என்றே எழுதிவிட்டேன். கிராணி கூலியை எழுதுகிற வழக்கம் அது. என்னைவிட எட்டு வயது மூத்தவர். இனி அவர்.

கோயில் திருவிழா வந்தது. மீறிய சத்தியத்துக்கு ஆத்தாளுக்குப் பதில் சொல்லுவதாகக் காத்தான் பூசாரியிடம் சொல்லியிருந்தார். உச்சிவெயிலில் கோயிலைச் சுற்றி உருளுவது. எங்கள் கோயிலுக்குக் கல் தளம் கிடையாது, செம்மண்ணும் சரளையும்தான். நான் திருவிழாக் கமிட்டிக் காரியதரிசி. தலையில் பரிவட்டம் கட்டியிருந்தார்கள். உருளுகிறவர் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் குடம் என் கையில்.

ஈர வேட்டியோடு உருண்டார். கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடி. சரளை முதுகைக் கிழித்தது. நான் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் மண்ணில் செம்மஞ்சளாக ஓடியது. செங்கமலம் பக்கத்திலேயே வேப்பிலையால் விசிறிக்கொண்டு வந்தாள். சுற்று முடிந்தது. பூசாரி விபூதி பூசி, "எந்திரிப்பா, ஆத்தா ஏத்துக்கிட்டா," என்றார்.

காத்தான் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவ இருக்குதுங்க சாமி."

"அதான் முடிஞ்சிருச்சே?"

"எனக்கு முடிஞ்சுதுங்க. இது இன்னொருத்தருக்கு. அவங்களால உருள முடியாது."

"யாருக்கு?"

"ஆத்தாளுக்குத் தெரியும்."

மறுபடி உருளத் தொடங்கினார். தோல் போன முதுகோடு. என் கால் அருகே வந்தபோதும் கண்ணைத் திறக்கவில்லை. நான் குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் நேராக விழவில்லை.

செங்கமலம் என்னை அண்ணாந்து பார்த்தாள். "யாருக்குங்கய்யா இது? ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியலியேம்மா," என்றேன். பரிவட்டம் நெற்றியை இறுக்கியது.

அதற்குப் பிறகு காத்தான் குடிக்கவில்லை. நான் குடித்தேன். அடுத்த ஞாயிறு இல்லை; அதற்கு அடுத்த ஞாயிறு.

அந்தத் தோட்டத்தில் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் இந்தப் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று அறிகிறேன். படிக்கிறவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, செங்கமலத்தைக் கூப்பிடவேண்டும். அடுப்படியில் இருந்தால் வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். வந்ததும் இதைப் படிக்கவேண்டும்:

அம்மா, அந்த இரண்டாவது தடவை எனக்காக.